திரை சொல்வதை யார் சரிபார்ப்பது?

2017 ஜூன் மாதம் சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் ஒரு பகுதி தானாக நின்றுபோனது. வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறினால் ஆலையை உடனே நிறுத்துவதற்கென்றே தனியாக வைத்திருந்த பாதுகாப்புக் கருவி ‘ட்ரிப்’ ஆகியிருந்தது. கருவியைச் செய்த நிறுவனம் அதைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்தது. இயந்திரக் கோளாறு என்று முடிவுகட்டினார்கள். ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. ஆகஸ்ட் மாதம் மீண்டும் நின்றது. இந்த முறை ஒரு கருவி அல்ல, பல கருவிகள் ஒரே சமயத்தில் நின்றன. அதற்குப் பிறகுதான் விசாரணை வேறு பக்கம் திரும்பியது. அந்தக் கருவிகளின் நினைவகத்தில் அந்நிய நிரல் ஒன்று குடியேறியிருந்தது. ஆபத்து நேரத்தில் ஆலையைக் காக்க வேண்டிய கருவியையே கைப்பற்றுவது அதன் வேலை. தாக்கியவர்கள் எழுதிய நிரலில் ஒரு பிழை இருந்ததால் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. பிழையில்லாமல் எழுதியிருந்தால், விஷவாயுவும் வெடிப்பும் முதல் அறிவிப்பாக வந்திருக்கக்கூடும்.

‘ட்ரைட்டன்’ என்று பெயர் பெற்ற இந்தத் தாக்குதலுக்காக 2020 அக்டோபரில் ரஷ்ய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்றின்மீது அமெரிக்கா தடை விதித்தது. அரசியலைவிட முக்கியமான தகவல் ஒன்று அந்த விசாரணையில் வெளிவந்தது. கருவியின் முகப்பில் ஒரு சாவி உண்டு. அதை ‘ரன்’ என்ற நிலையில் வைத்தால் உள்ளே இருக்கும் நிரலை யாராலும் மாற்ற முடியாது. ‘புரோகிராம்’ நிலையில் வைத்தால் மாற்றலாம். சாவி ‘புரோகிராம்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தது. பூட்டு இருந்தது, பூட்டு பூட்டியிருக்கிறதா என்று ஆலை ஓடும்போது பார்க்க ஆள் இல்லை.

மின்சாரம், குடிநீர், எரிவாயு, அணுமின் நிலையம் ஆகியவற்றை இயக்கும் கணினிகளின் பாதுகாப்பு பற்றி நாம் பேசும்போதெல்லாம் வேலியைப் பற்றியே பேசுகிறோம். ஃபயர்வால் உண்டா, பாஸ்வேர்டு பலமானதா, இணையத்திலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் இந்த நொடியில் என்ன செய்கிறது, அதைத் திரை சரியாகச் சொல்கிறதா என்பதைத் தனியாகச் சரிபார்க்க ஒருவர் உண்டா என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பிரித்து வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை

2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையோடு இணைக்கப்படாதவை, எனவே இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றது அறிக்கை. மறுநாளே இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை கொடுத்தது. வைரஸ் புகுந்தது உண்மைதான். செப்டம்பர் 4 அன்றே அதைக் கவனித்து, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ தங்களுக்குத் தெரிவித்துவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத் தொடர்பில் இருந்த ஒரு கணினி. உலையை இயக்கும் வலை தனியானது, அதற்குப் பாதிப்பு இல்லை என்றது கழகம்.

இரண்டாவது அறிக்கை சொன்னதை நம்ப மறுக்கக் காரணமில்லை. ஆனால், வைரஸ் இருப்பதை நிலையத்துக்கு வெளியே இருந்த அமைப்பு கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லிட்டில்டன் என்ற சிற்றூரில் மின்சாரமும் குடிநீரும் வழங்கும் சிறிய நிறுவனத்தின் கணினி வலைக்குள் அந்நியர் 300 நாள்களுக்கு மேல் தங்கியிருந்தார்கள். 2023 இறுதியில் எஃப்.பி.ஐ.யிலிருந்து தொலைபேசி வந்த பிறகுதான் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது.

‘இணையத்தோடு தொடர்பில்லை’ என்ற வாதம் 2010லேயே உடைந்துபோனது. ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையும் பிரித்து வைக்கப்பட்டதுதான். ஸ்டக்ஸ்நெட் என்ற நிரல் பென் டிரைவ் வழியாகவும் பரவக் கற்றிருந்தது. பிரித்து வைப்பது தேவையில்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால், பராமரிப்புக்கு வரும் ஒப்பந்தக்காரரின் மடிக்கணினி, மென்பொருளைப் புதுப்பிக்க வரும் பென் டிரைவ், தொலைவிலிருந்து கோளாறு பார்க்க நிறுவனம் வைத்துக்கொண்ட மோடம் என்று அந்தப் பிரிவினையில் ஓட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே, உள்ளே யாராவது வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

பொய் சொல்லக் கற்ற இயந்திரம்

ஸ்டக்ஸ்நெட் செய்த சேதத்தைவிட அது சொன்ன பொய்தான் பொறியாளர்களை அதிகம் கலங்கவைத்தது. சென்சார்களிலிருந்து வரும் அளவுகளை 21 விநாடி பதிந்து வைத்துக்கொண்டு, தாக்குதல் நடக்கும்போது அந்தப் பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் பகுதி அதில் இருந்தது. இயந்திரங்கள் சிதைந்துகொண்டிருந்தபோதும் கட்டுப்பாட்டு அறையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது.

திரை பொய் சொல்ல எதிரிகூடத் தேவையில்லை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கோ, அது மூடிவிட்டதாகக் காட்டியது. காரணம், அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. ‘மூடு’ என்ற கட்டளை அனுப்பப்பட்டதை மட்டுமே காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருக்க, அது தெரியாமலே ஆபரேட்டர்கள் முடிவெடுத்தார்கள். உலையின் மையப்பகுதியில் ஒரு பங்கு உருகியது.

இன்றைய கட்டுப்பாட்டு அமைப்புகள் பலவற்றிலும் இந்தக் குறை வேறு வடிவில் தொடர்கிறது. கட்டளையை அனுப்புவதும், அது நிறைவேறியதா என்று சொல்வதும், அதைப் பதிந்து வைப்பதும் ஒரே கருவி, ஒரே கம்பி, ஒரே சர்வர். அந்த சர்வரைக் கைப்பற்றியவர் கட்டளையையும் கைப்பற்றுகிறார், சாட்சியையும் கைப்பற்றுகிறார்.

ஒரே பேச்சைப் பேசும் வலை

இதற்கு மாற்று என்ன என்பதை 2000ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து காட்டிவிட்டது. மரூச்சி வட்டாரத்தில் 142 கழிவுநீர் நீரேற்று நிலையங்கள் ரேடியோ அலை வழியாக ஒரு மையத்தோடு இணைந்திருந்தன. திடீரென்று பம்புகள் தேவையான நேரத்தில் ஓடவில்லை; எச்சரிக்கை மணிகள் அடிக்கவில்லை. சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் ஒரு நட்சத்திர ஓட்டல் வளாகத்திலும் பாய்ந்தது. புதிய அமைப்பின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆராய வந்த பொறியாளர் ஒரு காரியம் செய்தார். ரேடியோவில் போகும் வரும் ஒவ்வொரு செய்தியையும் பதிந்து பார்த்தார். 14ஆம் எண் நீரேற்று நிலையத்தின் பெயரில் தவறான கட்டளைகள் வந்துகொண்டிருந்தன. அந்த நிலையத்தை நேரில் சோதித்தால், அது ஒழுங்காக இருந்தது. யாரோ அதன் பெயரில் பேசுகிறார்கள் என்பது தெளிவானது. அந்த அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்து, பிறகு நகராட்சியில் வேலை கேட்டுக் கிடைக்காத ஒருவர், காரில் மடிக்கணினியும் ரேடியோவுமாகச் சுற்றிக் குறைந்தது 46 முறை இதைச் செய்திருந்தார். இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

அவரை ஃபயர்வால் தடுத்திருக்காது. அமைப்பை நிறுவும் பணியிலேயே இருந்தவர் அவர். ஓடும்போதே கவனித்ததால்தான் சிக்கினார். அலுவலக வலையில் இப்படிக் கவனிப்பது கடினம். அங்கே ஒருவர் படம் பார்ப்பார், ஒருவர் கோப்பு அனுப்புவார், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. துணைமின் நிலையத்தின் வலை அப்படியல்ல. அதே கருவிகள், அதே கேள்விகள், அதே இடைவெளியில் அதே பதில்கள், ஆண்டுக்கணக்கில். இந்தச் சலிப்பூட்டும் ஒழுங்குதான் பாதுகாப்பாளரின் பெரிய பலம். புதிதாக ஒரு குரல் பேசினால் உடனே தெரியும்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1979இல் பிறந்த மோட்பஸ் போன்ற தொடர்பு முறைகளில், கட்டளை தருவது யார் என்று கருவி கேட்பதே இல்லை. ஒருமுறை பொருத்தினால் பதினைந்து இருபது ஆண்டு ஓடும் கருவிகள் இவை. மென்பொருள் ஓட்டையை அடைக்க வேண்டுமானால் ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டும். வலையில் சோதனைச் செய்திகளை அனுப்பிப் பார்த்தால் பழைய கருவிகள் அப்படியே உறைந்துபோவதும் உண்டு. ஆகவே, குறுக்கிடாமல் ஒதுங்கி நின்று ஒட்டுக்கேட்பதே இங்கே பொருந்தும் கண்காணிப்பு.

உக்ரைன் அனுபவம் இதற்கு வலுச்சேர்க்கிறது. 2015 டிசம்பர் 23 அன்று அங்கே மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. வாடிக்கையாளர் சேவை எண்ணைப் போலி அழைப்புகளால் அடைத்தார்கள். துணைமின் நிலையங்களோடு பேசும் கருவிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள். ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டுச் சில மணி நேரத்தில் மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இருளடித்தது ஒரு மாலைப் பொழுதில். ஆனால் தாக்கியவர்கள் அந்த வலைக்குள் நுழைந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. கடவுச்சொற்களைச் சேகரித்தார்கள், எந்தத் திரையில் எதை அழுத்தினால் எது திறக்கும் என்று படித்தார்கள். அந்த மாதங்கள் முழுவதும் அவர்களைப் பிடிக்க வாய்ப்பு இருந்தது. கவனிக்க ஆள் இல்லை.

தண்ணீர் பொய் சொல்லாது

வலையை ஒட்டுக்கேட்பது பாதி வேலைதான். ஊழியரின் உண்மையான கடவுச்சொல்லோடு, உண்மையான கணினியிலிருந்து, முறையான கட்டளையை எதிரி அனுப்பினால் வலையில் எதுவும் அந்நியமாகத் தெரியாது. அங்கே உதவுவது இயற்பியல்.

வீட்டில் மோட்டார் ஒரு மணி நேரமாக ஓடுகிறது, மாடித் தொட்டி நிரம்பவில்லை என்றால், குழாய் உடைந்ததா, கிணறு வற்றியதா என்று உடனே தேடுகிறோம். பெரிய ஆலையிலும் கணக்கு அதுதான். வால்வு திறந்திருக்கிறது, பம்பு ஓடுகிறது என்று திரை சொன்னால், தொட்டியின் மட்டம் இத்தனை நிமிடத்தில் இத்தனை சென்டிமீட்டர் ஏறியே ஆக வேண்டும். ஏறவில்லை என்றால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. எது என்று பிறகு பார்க்கலாம். பொய் நடக்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் இதற்காகவே 2015இல் ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டியது. அதை 11 நாள் இடைவிடாமல் ஓட்டினார்கள். ஏழு நாள் இயல்பாக ஓட்டி, மீதி நான்கு நாள்களில் தாங்களே தாக்கிப் பார்த்தார்கள். அந்தத் தரவு இன்று உலகெங்கும் ஆய்வாளர்களின் உரைகல். பேராசிரியர் ஆதித்ய மாத்தூர் தலைமையிலான குழு அங்கே சோதித்த வழி கவனத்துக்குரியது. எல்லாவற்றையும் ஒரு மையக் கணினியில் கொட்டிச் சலிப்பதற்குப் பதிலாக, இந்த இயற்பியல் விதிகளை ஒவ்வொரு கட்டத்தின் கட்டுப்பாட்டுக் கருவியிலும் பிரித்து வைத்தார்கள். பக்கத்துக் கட்டம் சொல்வதை இந்தக் கட்டம் சரிபார்க்கும்.

பரந்து கிடக்கும் அமைப்புகளுக்கு இதுவே சரியான வழி என்பது என் கருத்து. மையம் கைப்பற்றப்பட்டாலும் ஓரங்கள் விழித்திருக்கும். மேட்டில் இருக்கும் பம்பு சொல்வதும் பள்ளத்தில் இருக்கும் ஓட்டமானி சொல்வதும் பொருந்த வேண்டும். ஒரு பொய்யைச் சொல்வது எளிது. ஒன்றோடொன்று பொருந்தும் ஐம்பது பொய்களை ஐம்பது ஊர்களில் ஒரே நொடியில் சொல்வது மிகக் கடினம்.

ஊருக்கு ஊர் ஒரு கட்டுப்பாட்டு அறை

இது தமிழ்நாட்டுக்குத் தொலைவான பேச்சு அல்ல. இங்கே நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வீட்டுக் கூரைகளில் ஏறும் சூரியமின் இன்வெர்ட்டர்களும் அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரோடு எப்போதும் பேசிக்கொண்டிருப்பவை. நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவது மத்திய அரசின் இலக்கு. தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் வசதி அவற்றில் உண்டு. முன்பு ஒரு மாநிலத்தின் மின்சாரத்தை நிறுத்த ஒரு பெரிய கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைய வேண்டியிருந்தது. இனி சிறிய கருவிகள் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் ஒரே கட்டளையை அனுப்பினால் போதும்.

2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய நாளில், வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் சேவை தாக்கப்பட்டது. குறி உக்ரைன். ஆனால் ஜெர்மனியைச் சேர்ந்த எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள் தொலைக் கண்காணிப்பை இழந்தன. விசிறிகள் சுற்றின, மின்சாரமும் வந்தது. அவற்றின் நிலையைப் பார்க்கவோ கட்டளையிடவோ மையத்தால் முடியவில்லை. யாருடைய போரிலோ நம் காற்றாலையின் கண் அவிந்துபோகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மறுப்புகளுக்குப் பதில்

மூன்று மறுப்புகள் வழக்கமாக வரும். முதலாவது, பொய் எச்சரிக்கைகள். நியாயமான கவலை. த்ரீ மைல் ஐலண்டில் முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக ஒலித்தன. எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. நாளுக்கு ஆயிரம் முறை கத்தும் கருவியை ஊழியர்கள் ஒரு வாரத்தில் அணைத்துவைப்பார்கள். எந்த வால்வு மழைக்காலத்தில் தாமதமாக மூடும், எந்த மீட்டர் உச்சி வெயிலில் கொஞ்சம் அதிகம் காட்டும் என்று அறிந்தவர் அங்கேயே பல ஆண்டுகள் ஷிப்ட் பார்த்த ஆபரேட்டர். விதிகளை எழுதும் மேசையில் அவர் உட்கார வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் இடத்தில் எந்த மென்பொருளும் அந்த அறிவைத் தராது.

இரண்டாவது, கண்காணிப்புக் கருவியே நுழைவாயிலாகிவிடாதா என்பது. ஆகும். 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் எதிரிகள் வழியாக்கிக்கொண்டதே வலைக் கண்காணிப்பு மென்பொருளைத்தான். நஞ்சு கலந்த அந்தப் புதுப்பிப்பைச் சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் பெற்றார்கள். ஆகவேதான் ஒருவழிக் கருவி தேவை. தகவல் வெளியே வரலாம், உள்ளே எதுவும் போகக் கூடாது என்பதை மென்பொருள் விதியாக எழுதாமல், வன்பொருளின் அமைப்பிலேயே உறுதிசெய்யும் கருவிகள் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கின்றன.

மூன்றாவது, செலவு. சிறிய குடிநீர்த் திட்டத்துக்கு விலை உயர்ந்த கண்காணிப்பு மையம் கட்டுப்படியாகாது. அதற்கு அவசியமும் இல்லை. ‘ஸ்காடா’ எனப்படும் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்போடு இணைக்கப்படாத ஒரு மட்டமானி, ஒரு ஓட்டமானி, அவற்றைத் தனியே பதியும் ஒரு சிறு கருவி, வாரம் ஒருமுறையாவது இரண்டு பதிவுகளையும் ஒப்பிடும் ஒருவர். தொடக்கத்துக்கு இவை போதும்.

சாட்சி இல்லாத வழக்குகள்

2020 அக்டோபர் 12 அன்று மும்பை மாநகரம் மின்சாரமின்றி ஸ்தம்பித்தது. சீனாவோடு தொடர்புள்ள குழு இந்திய மின்கட்டமைப்பைக் குறிவைத்ததாக அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்று சில மாதங்கள் கழித்து அறிக்கை வெளியிட்டது. நாசவேலையாக இருக்கலாம் என்றது மகாராஷ்டிர அரசு. மனிதத் தவறு என்றார் மத்திய மின்துறை அமைச்சர். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மார் நகரில் 2021 பிப்ரவரியில் குடிநீரில் சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு திரையில் நூறு மடங்குக்கு மேல் உயர்த்தப்பட்டது. உலகமே ஹேக்கர் என்றது. ஊழியரின் தவறாகவே இருந்திருக்கலாம் என்று இரண்டு ஆண்டு கழித்து அந்த நகரத்தின் முன்னாள் நிர்வாகியே சொன்னார். ஓடும்போதே பதியப்பட்ட, மாற்ற முடியாத, தனித்த சாட்சி இருந்தால் இந்த விவாதங்கள் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். சாட்சி இல்லாத இடத்தில் அவரவர் அரசியல் தீர்ப்பெழுதுகிறது.

நம் சட்டமும் இங்கே தடுமாறுகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, இணைய ஊடுருவலைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கவனிக்காதவருக்கு அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே ஆணை. லிட்டில்டனில் அந்நியர் 300 நாளுக்கு மேல் இருந்தார்கள். நம் விதிப்படி அங்கே பதிவு வைத்திருந்தால், கண்டுபிடித்த நாளில் அவர்கள் நுழைந்த நாளின் பதிவு அழிந்துபோயிருக்கும்.

செய்ய வேண்டியவை நான்கு. மின்சாரம், குடிநீர்த் திட்டங்களின் டெண்டர் நிபந்தனைகளிலேயே, ஸ்காடாவைச் சாராத தனி அளவீடும் ஒருவழிப் பதிவும் இடம்பெற வேண்டும். பிறகு ஒட்டுப்போடுவதைவிட இது மலிவு. பதிவுகளைக் காக்கும் காலத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டாக உயர்த்த வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் இந்தப் பதிவுகளைப் படிக்க நிரந்தரப் பணியிடம் வேண்டும். நான்காவதாக, ரயில் விபத்துகளைப் பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பதுபோல, இந்த ஊடுருவல்களை விசாரிக்கத் தன்னாட்சி அமைப்பு ஒன்று வேண்டும்; ரகசியமாக வைக்க வேண்டியதை நீக்கிவிட்டு மீதியை அது மக்கள் முன் வைக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கைக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். எதிரிக்குத் தகவல் கொடுத்ததாகிவிடும் என்பார்கள். மரூச்சியின் விவரம் நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. உக்ரைனில் நடந்தது அமெரிக்க நிபுணர்களின் அறிக்கையாக மூன்றே மாதத்தில் வெளிவந்தது. இவற்றைப் படித்து உலகெங்கும் பொறியாளர்கள் தங்கள் அமைப்புகளைத் திருத்திக்கொண்டார்கள். தாக்கியவர்களுக்கு அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை, செய்தவர்களே அவர்கள்தானே. கூடங்குளம் பற்றி நமக்குக் கிடைத்தது செய்திக்குறிப்பும் நாடாளுமன்றப் பதிலும்தான். அதனால் பக்கத்து மாவட்டத்தின் அனல்மின் நிலையமோ அடுத்த மாநிலத்தின் நீரேற்று நிலையமோ அந்த அனுபவத்திலிருந்து எதையும் கற்றுக்கொள்ள வழியில்லை. எதிரிக்கு ஏற்கெனவே தெரிந்ததை நம் ஆபரேட்டரிடமிருந்து மறைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.